முதுகுக்குக் கண் இல்லை

மேற்கே பச்சைமலை நிற்பதால் அரும்பாவூரிலும் அதைச் சுற்றிய சிற்றூர்களிலும் அந்தி சற்று முந்தியே வந்துவிடுகிறது. கார்த்திகை, மார்கழி மாதங்களில் ஆறு மணி அடிக்குமுன்பே பொழுது சாய்கிறது. அந்த வேளையில்தான் சாலையில் மிதிவண்டிகள் மிகுதி. 2020ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற அரும்பாவூர் மரச்சிற்பத்தைச் செதுக்கும் பட்டறைகளிலிருந்து, பகலெல்லாம் உளி பிடித்தவர்கள் வீடு திரும்புகின்றனர். பால் ஊற்றப் போகிறவர் ஒருவர். ஆட்டுக்குத் தழை ஒடித்துக் கேரியரில் கட்டி வருகிறவர் ஒருவர். பள்ளியில் மாலைத் தனிவகுப்பு முடிந்து, இருவர் மூவராய்ப் பேசிக்கொண்டு வரும் பிள்ளைகள் பலர். இவர்கள் அனைவருக்கும் ஒரு குறை பொது. முன்னால் உள்ள பள்ளத்தைக் காண்கிறார்கள். பின்னால் வரும் லாரியைக் காண்பதில்லை.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் ஆண்டுதோறும் விபத்துக் கணக்கொன்றை வெளியிடுகிறது. 2022ஆம் ஆண்டுக்குரிய கணக்கில், இந்தியச் சாலைகளில் உயிரிழந்தோர் 1,68,491 பேர். விபத்துகளின் எண்ணிக்கையில் எல்லா மாநிலங்களுக்கும் முன்னே நிற்பது நம் தமிழ்நாடு, 64,105 விபத்துகள். மிதிவண்டியில் சென்று மாண்டவர்கள் நாடெங்கும் ஐயாயிரத்துக்குச் சற்றே குறைவு. மொத்தத்தில் இது நூற்றுக்கு மூன்றுதான் என்று சிலர் ஆறுதல் கொள்ளக்கூடும். ஆயின் ஐயாயிரம் என்பது ஒரு சிற்றூரின் மக்கள்தொகை. அதே கணக்கில் வாகனங்கள் மோதிய விதத்தைப் பிரித்துக் காட்டும் அட்டவணை ஒன்றுண்டு. அதில் முதலிடம் 'பின்னாலிருந்து மோதியது' என்பதற்கே. ஐந்து விபத்துகளில் ஒன்றுக்கு மேல் அவ்வகையைச் சேர்ந்தது. எல்லா வாகனங்களுக்கும் உரிய கணக்கு அது எனினும், சாலையில் மிக மெதுவாகச் செல்வோருக்கு அது சொல்லும் செய்தி தெளிவானது.

நம் பகுதியின் சாலைகளை அறிந்தவர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. பெரம்பலூரிலிருந்து வேப்பந்தட்டை, கிருஷ்ணாபுரம் வழியாக ஆத்தூர் செல்லும் சாலையில் பேருந்துகளும் சரக்கு வண்டிகளும் ஓய்வதில்லை. கிழக்கே அரியலூர்ப் பக்கம் சென்றால் சுண்ணாம்புக் கல்லும் சிமெண்டும் ஏற்றிய லாரிகளின் அணிவகுப்பு. கரும்பு வெட்டும் காலத்தில் எறையூர் சர்க்கரை ஆலையை நோக்கி டிராக்டர்கள், தம் அகலத்தைக் காட்டிலும் அகன்ற பாரத்துடன் ஊர்ந்து செல்லும். பின்னே ஒரு சிவப்பு விளக்கும் இராது. மக்காச்சோளம் அறுவடையானதும் தார்ச்சாலையே களம் ஆகிவிடுகிறது. சாலையின் பாதியில் சோளம் காய, அதன் ஓரத்தில் கற்கள் வரிசையாக வைக்கப்பட்டிருக்கும். பகலில் அது மஞ்சள் கம்பளம். இருட்டியபின் மிதிவண்டிக்காரரை நடுச்சாலைக்குத் தள்ளிவிடும் கண்ணி. ஓரமாய்ப் போ என்று பிள்ளைக்குச் சொல்லி அனுப்புகிறோம். அந்த ஓரத்தைத்தான் வேறொருவர் எடுத்துக்கொண்டுவிட்டாரே!

வண்டி ஓட்டுநரின் இருக்கையில் அமர்ந்து இதையே பார்ப்போம். விளக்கில்லாத, கருநிற உடையணிந்த ஒருவர், தாழ்த்திய முகப்பு விளக்கின் ஒளியில் ஏறக்குறைய ஐம்பது மீட்டர் தொலைவுக்குள் வந்த பின்னரே கண்ணுக்குப் புலப்படுவார். எதிரே வரும் வண்டியின் ஒளி கண்ணில் அடிக்குமாயின் அதுவும் இல்லை. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார், ஒரு நொடியில் 22 மீட்டரைக் கடக்கிறது. கண்டதை மூளை உணர்ந்து கால் பிரேக்கை மிதிப்பதற்குள் ஒன்றரை நொடி கழிந்துவிடும். அதற்குள் 33 மீட்டர் போய்விட்டது. பின்னர் உலர்ந்த சாலையில் அது நிற்க இன்னும் 35 மீட்டருக்குக் குறையாது. ஆக, தேவைப்படுவது ஏறத்தாழ 70, கிடைப்பது 50. பாரம் ஏற்றிய லாரிக்கோ, மழையில் நனைந்த சாலைக்கோ இக்கணக்கு இன்னும் மோசமாகும். 'நான் பார்க்கவே இல்லை' என்று ஓட்டுநர் காவல் நிலையத்தில் கதறுவதைப் பொய் என்று நாம் தள்ளிவிடுகிறோம். பல வேளைகளில் அது உண்மையே.

சிறிய சிவப்பு எல்.இ.டி. விளக்கொன்று எரிந்திருந்தால், நேர்ச்சாலையில் அரை கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தே அது தெரிந்திருக்கும்.

இந்தச் செய்தி நம் முன்னோர் அறியாததன்று. ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்குப் பழைய மிதிவண்டிகள் நினைவிருக்கும். பஞ்சாயத்துக்குப் பணம் கட்டித் தகட்டு வில்லை வாங்கி வண்டியில் பூட்ட வேண்டும். இரவில் விளக்கின்றிச் சென்றால் காவலர் மறிப்பார். இருவர் ஏறிச் சென்றாலும் மறிப்பார். காவலரைக் கண்டதும் பின்னால் இருந்தவர் குதித்து இறங்கி, வழியோடு போகிறவரைப் போல நடப்பது அக்காலத்து நாடகம். வசதியுள்ளவர் டைனமோ வைத்திருப்பார். டயரோடு உராய்ந்து சுழலும் அந்தச் சிறு குப்பி, மூன்று வாட் மின்சாரம் தரும். ஏற்றத்தில் மிதிப்பவருக்கு அதன் சுமை தெரியும். நின்றால் ஒளியும் நின்றுவிடும். பெரும்பாலும் அந்த மின்சாரம் முழுவதும் முன்விளக்குக்கே சென்றது. பின்னால் மட்கார்டின் நுனியில் ஒரு வெள்ளைப் பட்டையும் சிவப்புக் கண்ணாடிச் சில்லும் மட்டுமே இருந்தன. நமக்கு வழி தெரிந்தால் போதும், நம்மைப் பிறர் காண வேண்டுவதில்லை என்ற எண்ணம் அன்றே வேரூன்றிவிட்டது போலும்.

இன்று வில்லையும் இல்லை, டைனமோவும் இல்லை. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் மிதிவண்டியை மோட்டார் வாகனமாகக் கொள்வதில்லை. ஆதலின் மோட்டார் வாகனங்களுக்குரிய விளக்கு விதிகள் அதனைக் கட்டுப்படுத்துவதில்லை. கடைகளில் விற்கும் சாதாரண மிதிவண்டிகளில் பெரும்பாலானவை விளக்கின்றியே வருகின்றன. பிரதிபலிப்பான்களின் தரத்தைக் குறித்து மத்திய அரசு 2020இல் ஆணை பிறப்பித்தது நல்ல செய்தி. ஆயினும் பிரதிபலிப்பான் பிறர் ஒளியைத் திருப்பித் தருவதேயன்றித் தானே ஒளிர்வதன்று. மறுபுறம் மிதிவண்டியேறும் பிள்ளைகளின் எண்ணிக்கை பெருகியது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்து அறிவொளி இயக்கம் ஆயிரக்கணக்கான பெண்களை மிதிவண்டியில் ஏற்றியது. தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவியர்க்கென 2001-02இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மிதிவண்டித் திட்டம், பின்னர் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பதினோராம் வகுப்பு பயிலும் ஏனையோர்க்கும் விரிந்தது. மலையடிவாரத்து ஊர்களிலிருந்து பல பெண்கள் மேல்நிலைப் பள்ளியை எட்டியதற்கு இதுவே காரணம் என்பதில் ஐயமில்லை. வண்டி வீட்டுக்கு வந்துவிட்டது, விளக்கு வரவில்லை.

அண்மைக் காலத்தில் இவ்விளக்கோடு ஒரு புதுமை சேர்ந்திருக்கிறது. நெடுந்தொலைவு மிதிவண்டி ஓட்டும் நகரத்து இளைஞர்கள் சிலர், இருக்கைக்குக் கீழே தீப்பெட்டிகள் சிலவற்றை அடுக்கியது போன்ற ஒரு கருவியைப் பூட்டிச் செல்வதைக் காணலாம். அது பின்விளக்கு மட்டுமன்று; ரேடாரும் கூட. விமான நிலையத்திலும் போர்க்கப்பலிலும் இருப்பதாக நாம் கேள்விப்பட்ட ரேடார், மிதிவண்டியின் பின்னே வந்து அமர்ந்துவிட்டது!

ரேடாரின் கதை போரோடு தொடங்கியதன்று. மூடுபனியில் கப்பல்கள் ஒன்றோடொன்று மோதி மக்கள் மடிவதைத் தடுக்க விரும்பிய கிறிஸ்டியான் ஹுல்ஸ்மேயர் என்னும் ஜெர்மானியர், 1904ஆம் ஆண்டு மே மாதத்தில் கொலோன் நகரத்து ரைன் ஆற்றுப் பாலத்தில் ஒரு கருவியை நிறுத்தி, ஆற்றில் வரும் கப்பலை மின்னலைகளின் எதிரொலியால் கண்டறிந்து காட்டினார். அன்று அதை வாங்க ஆளில்லை. போர்க்காலமே பின்னர் அதனை வளர்த்தெடுத்தது. மோதலைத் தடுக்கப் பிறந்த கருவி, நூற்றுப் பத்து ஆண்டுகள் கழித்து மீண்டும் அந்தப் பணிக்கே வந்திருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் ஸ்டெல்லன்போஷ் நகரத்து இக்குபு என்னும் சிறு நிறுவனம் 2014இல் மிதிவண்டிக்கான ரேடாரை அறிவித்தது. மறு ஆண்டே கார்மின் என்னும் பெரிய நிறுவனம் அதனை விலைக்கு வாங்கி, வாரியா என்ற பெயரில் சந்தைக்குக் கொணர்ந்தது. இன்று வேறு பல நிறுவனங்களும் இத்தகைய கருவிகளைச் செய்கின்றன.

அது செயற்படும் விதத்தை நம் பிள்ளைகள் இயற்பியல் பாடத்திலேயே படிக்கிறார்கள். ஊதிக்கொண்டு வரும் இரயில் நம்மை நெருங்குகையில் அதன் ஒலி கூர்மையாகவும், நம்மைக் கடந்து அகல்கையில் தடித்தும் கேட்கிறதல்லவா? ஆஸ்திரிய அறிஞர் டாப்ளர் 1842இல் விளக்கிய உண்மை அது. மிதிவண்டி ரேடார் பின்நோக்கிச் சிற்றலைகளை அனுப்புகிறது. இத்தகைய கருவிகள் பலவற்றில் அவ்வலை நொடிக்கு 2,400 கோடி முறை அதிர்கிறது. பின்னால் ஒரு லாரி நெருங்கி வருமாயின், அதன்மீது பட்டுத் திரும்பும் அலை சற்றே மிகுந்த அதிர்வோடு வந்து சேரும். எவ்வளவு மிகுதி? மிதிவண்டி மணிக்கு 15 கிலோமீட்டரிலும் லாரி 80 கிலோமீட்டரிலும் செல்வதாகக் கொண்டால், 2,400 கோடிக்கு ஏறத்தாழ 2,900 மட்டுமே கூடும். கடலில் ஒரு குவளை நீர் கூடியதைக் கண்டுபிடிப்பதைப் போன்றது அது. அந்நுண்ணிய வேறுபாட்டைப் படித்து, 'ஒரு வண்டி வருகிறது, இவ்வளவு தொலைவில், இவ்வளவு வேகத்தில்' என்று கைப்பிடியில் பூட்டிய சிறு திரையிலோ கைப்பேசியிலோ அறிவிக்கிறது. திரையின் ஓரத்தில் ஒரு புள்ளி கீழிருந்து மேலே ஏறிவரும். மெல்லிய ஒலியும் எழும். சில கருவிகளில், வண்டி நெருங்கும்போது பின்விளக்கே தன் ஒளிரும் முறையை மாற்றிக்கொண்டு ஓட்டுநரின் கண்ணைக் கவர முயலும்.

இவற்றின் பார்வை சுமார் 140 மீட்டர். மேலே கூறிய வேகங்களில், அத்தொலைவைக் கடந்து லாரி நம்மை அடைய ஏறத்தாழ எட்டு நொடி ஆகும். எட்டு நொடியில் என்ன செய்ய முடியும் என்று கேட்கலாம். பக்கத்தில் இணையாக வரும் தோழனைப் பின்னே போகச் சொல்லலாம், காய்ந்துகொண்டிருக்கும் சோளத்தைச் சுற்றிக்கொள்ள நடுச்சாலைக்கு விலகுவதைச் சற்றுத் தள்ளிப்போடலாம், திரும்பிப் பார்க்கலாம், வேண்டுமானால் மண்ணில் இறங்கி நின்றுவிடலாம். உயிர் பிழைக்க இவற்றுள் ஒன்று போதும்.

ஆனால் நம் ஊரில் இப்பணியைச் செய்ய ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே, ஒலிப்பான்! ஒவ்வொரு லாரியின் முதுகிலும் 'ஒலி எழுப்பவும்' என்று எழுதியிருக்கிறது. மேலைநாடுகளில் ஓட்டுநர்கள் ஒலிப்பானைத் தொடுவதே அரிது. ஆகவே அங்குள்ள மிதிவண்டிக்காரருக்கு ரேடார் தேவைப்படுகிறது. இங்கே எதற்கு என்று நண்பர் ஒருவர் நம்மிடம் வாதாடினார். முதலில் அது சரியென்றே தோன்றும். சற்று எண்ணிப் பார்த்தால் அதிலுள்ள ஓட்டை புலனாகும். ஒலியெழுப்புகிற ஓட்டுநர் நம்மைக் கண்டுவிட்டவர். நம்மைக் காணாதவர் ஒலியெழுப்ப மாட்டார். நாம் அஞ்ச வேண்டியது இரண்டாமவரைத்தான். தூக்கக் கலக்கத்தில் இருப்பவர், கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பவர், எதிரொளியால் கண் கூசியவர் ஆகியோர் ஓசையின்றியே வந்து மோதுகிறார்கள். மின்சாரத்தில் ஓடும் வண்டிகளோ இயந்திர ஒலியும் இன்றி வருகின்றன. ரேடாரின் உண்மையான பெருமை இங்கேதான் விளங்குகிறது. வருபவர் நம்மைக் கண்டாரா என்று அது கேட்பதில்லை. கண்டாலும் காணாவிட்டாலும் அவர் வருவதை நமக்குச் சொல்லிவிடுகிறது.

அதன் குறைகளையும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும். அது நேர்க்கோட்டிலேயே பார்க்கும். பச்சைமலை ஏறும் பாதையின் வளைவுகளில், திருப்பத்துக்கு அப்பால் வரும் வண்டி அதன் கண்ணில் படாது. நம் வேகத்திலேயே பின்தொடரும் வண்டியையும் அது பொருட்படுத்தாமல் விட்டுவிடக்கூடும். முன்னே, தவறான பக்கத்தில் விளக்கின்றி வரும் இருசக்கர வண்டியைப்பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. நம் சாலைகளில் அது சிறிய ஆபத்தன்று. சென்னை - திருச்சி நாற்கரச் சாலையைப் போன்ற இடத்தில் ஓயாமல் வண்டிகள் வருவதால் அதுவும் ஓயாமல் ஒலிக்கும். ஓயாமல் ஒலிக்கும் மணியைக் காது கேளாமற் பழகிவிடும். விலையோ, புதிய சாதாரண மிதிவண்டிகள் இரண்டு மூன்று வாங்கும் பணம். மின்கலம் தீர்ந்துவிட்டால் அது வெறும் பெட்டி. எல்லாவற்றுக்கும் மேலாக, அது மிதிவண்டிக்காரரை எச்சரிக்கிறது. பிரேக் இருப்பதோ லாரிக்காரரின் காலடியில்.

ஆகவே இரண்டையும் ஒரு தராசில் வைத்தால், நம் தீர்ப்பு விளக்கின் பக்கமே சாய்கிறது. ரேடார் நம்மோடு பேசுகிறது. பின்விளக்கு லாரிக்காரரோடு பேசுகிறது. இருவரில் ஒருவரோடுதான் பேச முடியும் என்றால், எடை மிகுந்த வண்டியை ஓட்டுகிறவரோடு பேசுவதே விவேகம். பணமுள்ளவர் இரண்டையும் வைத்துக்கொள்ளட்டும். அரும்பாவூர்ச் சாலையில் தழைக்கட்டோடு வருகிறவருக்கு விளக்கு ஒன்று வாய்த்தாலே பெரும் பேறு.

இங்கே ஒரு பழைய வழக்கை நினைவுகூர்வது பயனுடையது. பிரிட்டனில் மிதிவண்டிகளுக்குப் பின்விளக்கைக் கட்டாயமாக்க வேண்டும் என்ற பேச்சு எழுந்தபோது, அதைக் கடுமையாக எதிர்த்தவர்கள் மிதிவண்டிக்காரர்களின் சங்கத்தாரே! அவர்களுடைய வாதம் எளிதில் தள்ளிவிடக் கூடியதன்று. முந்திச் செல்கிறவனே முன்னே இருப்பதைப் பார்த்துச் செல்லக் கடமைப்பட்டவன். தன் விளக்கொளி எட்டும் தூரத்துக்குள் நிறுத்த முடியாத வேகத்தில் அவன் ஏன் வர வேண்டும்? பின்விளக்கைக் கட்டாயமாக்கினால், விளக்கு அணைந்த வேளையில் மோதப்பட்டவன் மேலேயே பழி விழுமே என்று கேட்டார்கள். உலகப் போரின் இருட்டடிப்பு நாள்களில் அவ்வாதம் நிற்க முடியாமற்போயிற்று. 1945ஆம் ஆண்டின் சட்டம் பின்விளக்கை நிரந்தரக் கடமையாக்கியது.

அச்சங்கத்தாரின் அச்சம் இன்றும் பொய்த்துவிடவில்லை என்றே எண்ணுகிறோம். விபத்து நடந்தால் 'விளக்கு இருந்ததா, ஓரமாய்ப் போனானா' என்ற கேள்வி இறந்தவரை நோக்கியே எழுகிறது. லாரி எந்த வேகத்தில் வந்தது, ஓட்டுநர் எத்தனை மணி நேரம் உறங்காமல் ஓட்டினார், சாலையோரம் ஏன் மண்ணரித்து ஒரு சாண் இறங்கிக் கிடந்தது என்பவை பின்னரே வருகின்றன; சில வேளைகளில் வருவதேயில்லை. இவற்றைக் கேட்க வேண்டியவர்கள் கேட்கத்தான் வேண்டும். கரும்பு டிராக்டரின் இழுவைப் பெட்டிக்குப் பின்விளக்கும் சிவப்புப் பிரதிபலிப்பானும் சட்டப்படி வேண்டும்; அதை நம் குடும்பங்களைச் சேர்ந்த டிராக்டர் உரிமையாளர்களே முதலில் கேட்டுக்கொள்ளலாம். எனினும் நியாயம் யார் பக்கம் என்று தீருமுன் இன்றிரவு பிள்ளை வீடு வந்து சேர வேண்டுமே.

விளக்கினால் உண்மையில் பயன் உண்டா என்பதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். டென்மார்க்கின் ஓடன்சே நகரத்தில் 2004-05இல் 3,845 மிதிவண்டிக்காரர்களைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பகுதியினருக்கு இரவும் பகலும் எப்போதும் எரியும் விளக்குகள் தரப்பட்டன. மற்றவர்கள் பழையபடியே ஓட்டினார்கள். ஓராண்டில் காயம் விளைவித்த விபத்துகள், விளக்குப் பெற்றோரிடம் 19 விழுக்காடு குறைவாக இருந்தன. மற்றொருவரோடு மோதிய விபத்துகளை மட்டும் எடுத்துக்கொண்டால் 47 விழுக்காடு குறைவு. அங்கே பயன்பட்ட விளக்கின் அமைப்பு நமக்கு மிகவும் பிடித்திருக்கிறது. சக்கரத்தின் கம்பிகளில் சிறு காந்தங்கள், அச்சருகே விளக்கு. காந்தம் கடக்கும்போதெல்லாம் மின்சாரம் பிறக்கிறது. உராய்வு இல்லை, மின்கலம் இல்லை, அணைக்கவும் ஏற்றவும் மறப்பதற்கு இடமே இல்லை. டைனமோவின் சுமையை அறிந்த நம் பெரியவர்கள் இதைக் கண்டால் வியப்பார்கள்.

நம் கடைகளில் நூறு இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சிவப்பு விளக்கு இவ்வளவு நுட்பமானதன்று, ஆயினும் போதுமானது. வாங்கும்போது கவனிக்க வேண்டியவை சில. பின்னே பூட்டுவது சிவப்பாகவே இருக்க வேண்டும். அழகுக்காகச் சக்கரங்களில் நீலமும் பச்சையுமாய்ச் சுற்றும் விளக்குகளைப் பிள்ளைகள் விரும்பலாம். ஆனால் இருட்டில் சிவப்பைக் கண்டால்தான் ஓட்டுநரின் கால் தானாகப் பிரேக்குக்குப் போகும். கைப்பேசிக்குரிய கம்பியாலேயே மின்னேற்றக் கூடியது நல்லது. சிமிட்டுவது நல்லதா, நிலையாய் எரிவது நல்லதா என்று பலரும் கேட்கிறார்கள். சிமிட்டும் ஒளி சட்டெனக் கண்ணை ஈர்க்கும். ஆனால் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதை அதைக்கொண்டு மதிப்பிடுவது கடினம். ஜெர்மனியில் மிதிவண்டிக்குச் சிமிட்டும் பின்விளக்கு கூடாது என்றே விதி இருக்கிறது. தெருவிளக்கற்ற நம் சாலைகளில் நிலையாய் எரிவதே மேல் என்பது நம் கருத்து. பகலிலும் மழையிலும் சிமிட்டட்டும்.

விளக்கைப் பூட்டும் இடத்தில்தான் பலர் தவறுகிறார்கள். இருக்கைக்குக் கீழே பூட்டிவிட்டுக் கேரியரில் புல்கட்டை ஏற்றினால், விளக்கு புல்லுக்கே வெளிச்சம் தரும். சுமை ஏற்றுகிறவர்கள் கேரியரின் கடைசிக் கம்பியிலோ மட்கார்டின் நுனியிலோ பூட்ட வேண்டும்; சுமை அதையும் மறைக்குமாயின் கட்டின் மேலேயே கயிற்றில் செருக வேண்டும். விளக்கு தரையையும் வானத்தையும் நோக்காமல் நேர்பின்னே பார்க்க வேண்டும். மட்கார்டிலுள்ள சிவப்புச் சில்லின் சேற்றை அவ்வப்போது துடைத்துவிட வேண்டும். பெடல்களில் உள்ள மஞ்சள் பிரதிபலிப்பான்கள் உடைந்தால் மாற்றாமல் விட்டுவிடுகிறோம். அவை மிகவும் பயனுள்ளவை. மேலும் கீழும் அசையும் அவ்விரு புள்ளிகளைக் கண்டதும், அது மைல்கல்லுமன்று, மரமுமன்று, மிதித்துச் செல்லும் ஒரு மனிதன் என்று ஓட்டுநரின் மனம் உடனே அறிந்துகொள்கிறது. அசையும் முழங்காலிலும் கணுக்காலிலும் ஒளி திருப்பும் பட்டை கட்டியவர்களை ஓட்டுநர்கள் இரவில் எளிதில் அடையாளம் காண்பதாக ஆஸ்திரேலிய ஆய்வுகளும் காட்டியுள்ளன. பளிச்சென்ற பச்சை நிறச் சட்டை பகலுக்கு நல்லது. இரவில் அதன் நிறம் செத்துவிடும். வேளாங்கண்ணிக்கும் பிற திருத்தலங்களுக்கும் இரவில் நடந்து செல்வோரின் பைகளில் ஒளி திருப்பும் பட்டை ஒட்டும் வழக்கம் இப்போது பரவி வருகிறது. அந்தப் பட்டையில் மிஞ்சும் துண்டை வீட்டு மிதிவண்டியின் மட்கார்டில் ஒட்டினால் செலவுமில்லை.

நெடுந்தொலைவு ஓட்டுகிற இளைஞர்களின் பழக்கம் இதில் நல்ல முன்மாதிரி. 200 கிலோமீட்டர் முதல் 600 கிலோமீட்டர் வரை குறித்த நேரத்துக்குள் ஓட்டும் 'பிரவே' என்னும் பயணங்கள் தமிழ்நாட்டிலும் நடைபெறுகின்றன. முன்னும் பின்னும் விளக்கும், ஒளி திருப்பும் மேலாடையும் இன்றி அவற்றில் இரவில் ஓட்ட எவருக்கும் அனுமதியில்லை. ஆயிரக்கணக்கில் செலவிட்டு வண்டி வாங்கியவரும் இவ்விதிக்குக் கட்டுப்பட்டே ஆக வேண்டும். பொழுதுபோக்குக்காக ஓட்டுகிறவருக்கு இவ்வளவு கட்டுப்பாடு. பிழைப்புக்காகவும் படிப்புக்காகவும் ஓட்டுகிறவரிடம் ஒன்றுமில்லை என்பது நமக்கு விந்தையாகவே படுகிறது.

பள்ளியில் மிதிவண்டி நிறுத்துமிடத்தில் விளக்கு களவு போய்விடுகிறது என்று பெற்றோர் பலர் குறைப்படுகிறார்கள். டைனமோக் காலத்திலும் இதே முறையீடுதான். அதற்கு வழி இல்லாமலில்லை. கொக்கியுள்ள சிறு விளக்கை வாங்கி, முதுகில் மாட்டும் புத்தகப் பையின் பின்பட்டையில் செருகிக்கொண்டால், அது பிள்ளையோடு வகுப்பறைக்கும் போகும், வீட்டுக்கும் வரும். பை சரிந்து விளக்கு தரையைப் பார்க்காதபடி தோள்வார்களை மட்டும் சற்று இறுக்கிக்கொள்ள வேண்டும். இரவு கைப்பேசியை மின்னேற்றும் இடத்திலேயே இதனையும் வைத்துவிட்டால், காலையில் பையை எடுக்கும்போது அம்மாவின் கண்ணில் அது பட்டுவிடும்.